லாயத்தில் மணி அடித்தால்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே இருந்த, தனுஷ்கோடி என்பவரின் குதிரை லாயம் பங்குனி மாதம் ஒரு மத்தியானம் எரிந்துபோனது. கல்யாண ஊர்வலங்களுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் குதிரை விடுகிற ஆள் அவர். மூன்று குதிரைகளையும் கட்டிவிட்டு, அடுத்த தெருவில் இருந்த வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். மின்விசிறிக்குப் போகும் வயரில் பொறி கிளம்பி, பரணில் அடுக்கியிருந்த வைக்கோலில் பிடித்துக்கொண்டது. யாரோ சொல்லி அவர் ஓடி வருவதற்குள் கூரை முழுக்கத் தீ.

மறுநாள் நேசையனும் அவர் மனைவி கேத்ரினும் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் பார்க்கப் போனார்கள். அவர்களும் ஐந்து குதிரைகள் வைத்திருந்தார்கள். திருவிழாச் சமயத்தில் குதிரை பற்றாமல் போனால் இவர் அவரிடம் கேட்பார், அவர் இவரிடம் கேட்பார். தனுஷ்கோடி வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளிலும் கட்டு. வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவர் பேச்சு ஏற்ற இறக்கம் இல்லாமல் ஆகியிருந்தது.

“செவலையை வெளிய இழுத்துட்டு வந்துட்டேன். கயித்த விட்டுட்டு அடுத்ததுக்குத் திரும்புறேன், அது எனக்கு முன்னால உள்ள ஓடுது. அதுக்கு அதான வீடு. பயந்தா வீட்டுக்குத்தான போகும்.”

மூன்றில் ஒன்றுதான் தப்பியது. அதுவும் புல் தின்னாமல் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது.

திரும்பும் பஸ்ஸில் கேத்ரின் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் கணவன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். கல்லூரிப் பிள்ளைகள் ஏறி பஸ் முழுக்கச் சத்தமாக இருந்தது. நேசையன் அவள் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார். நம் லாயத்துக்கு அலாரம் வைத்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அவர் தலையாட்டினார்.

நேசையனுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில், எதிரே நின்று பேசினால் கொஞ்சம் கேட்கும். வாலிபத்திலிருந்து ஓய்வு பெறும் வரை அவர் ஸ்பின்னிங் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர். அந்த இரைச்சலுக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. உதட்டை அசைப்பார்கள், கையைக் காட்டுவார்கள், அதுவே பேச்சு. ஆகவே காது போனது மில்லுக்குள் யாருக்கும் தெரியவில்லை. வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை வைத்தே சமாளித்துக்கொண்டிருந்தார். பேசுகிறவர் முகம் தெரியும்படி உட்காருவார். தெரியாத இடத்தில் சிரித்து வைப்பார்.

மனைவியிடமும் சொல்லவில்லை. அவர் தெருவில் ஐயாதுரை என்று ஒருவர் இருந்தார். பெயருக்கு முன்னால் செவிடு ஒட்டிக்கொண்ட பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போதே அவரைப் பற்றிப் பேசினார்கள். அதை நேசையன் பார்த்திருக்கிறார். இன்னொரு பயமும் இருந்தது. சேத்தூர் ரோட்டில் தென்னந்தோப்பை ஒட்டிய லாயத்தில், பக்கத்து அறையில் அவர் மட்டும்தான் தங்குகிறார். காது கேட்காத ஆளை ஐந்து குதிரைகளோடு தனியாக விடுவார்களா என்று நினைத்தார். கேத்ரின் குதிரைகளை விற்கச் சொல்லிவிடுவாள் என்றும் நினைத்தார்.

கேத்ரின் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். டவுனில் இருந்த வீட்டிலிருந்து காலையும் மாலையும் ஸ்கூட்டரில் வந்து போவாள். முன்பெல்லாம் சனிக்கிழமை வந்தால் ஞாயிறு சர்ச்சுக்குப் போகும்வரை அங்கேயே தங்குவாள். போன மழைக்காலத்துக்குப் பிறகு தங்குவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், வேலை ஜாஸ்தி என்றாள்.

அவள்தான் மெல்வினைக் கூட்டி வந்தாள். மில்களுக்கும் பஞ்சு குடோன்களுக்கும் தீ அலாரம் மாட்டிக் கொடுக்கிற பையன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை. குதிரை லாயத்துக்கு இதுவரை செய்ததில்லை என்பதை வந்ததுமே சொல்லிவிட்டான். கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினான். துரை என்ற இளங்குதிரை கழுத்தை நீட்டி அவன் சட்டைப் பையை முகர்ந்தது.

முதலில் புகை அறியும் கருவியைக் காட்டினான். வீடுகளிலும் ஆபீஸ்களிலும் மாட்டுகிற வெள்ளை வட்டம். நேசையன் ஒரு கட்டு வைக்கோலை எடுத்து உதறினார். வெயில் விழுந்த இடமெல்லாம் தூசி எழுந்து நின்றது. தினமும் இருவேளை இப்படித்தான், அது தினமும் இருவேளை கத்தும், மூன்றாம் நாள் நானே கழற்றிப் போட்டுவிடுவேன் என்றார். மெல்வின் ஒத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் சூட்டை அறிகிற கருவியோடு வந்தான். சூடு சடாரென்று ஏறினால் மணி அடிப்பது. தகரக் கூரைக்குக் கீழே மேகம் விலகினாலே சூடு சடாரென்று ஏறும் என்று நேசையன் சொன்னார். மெல்வின் ஏணி போட்டு ஏறி, தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு இறங்கினான். ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் மட்டும் அடிக்கிற வகையும் இருக்கிறது, ஆனால் அது அடிப்பதற்குள் வைக்கோல் நன்றாகப் பிடித்திருக்கும் என்று அவனே சொன்னான்.

நேசையன் சொன்ன காரணங்கள் எல்லாம் நிஜமானவை. ஆனால் அவர் அதற்காகச் சொல்லவில்லை. எந்தக் கருவியாக இருந்தாலும் கடைசியில் சத்தம்தான் போடும். அந்தச் சத்தம் தனக்குக் கேட்காது என்பது ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது. ஒவ்வொரு கருவியாக மெல்வின் திரும்ப எடுத்துப் போகும்போது அவருக்கு ஆறுதலாக இருந்தது. அன்று மாலை தீவனம் வைக்கும்போது தனுஷ்கோடியின் கட்டுப் போட்ட கைகள் ஞாபகம் வந்து, அந்த ஆறுதல் போய்விட்டது.

கேத்ரினுக்கு அவர் வேண்டுமென்றே தட்டிக் கழிப்பதாகப் பட்டது. “உங்களுக்கு வைக்க இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லுங்க” என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. அப்படிப் பதில் சொல்லாமல் நிற்பது அவளுக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது என்று அவருக்குத் தெரிந்தது. ஏன் அந்தக் கோபம் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

மூன்றாம் தடவை மெல்வின் வரும்போது ஒரு முடிவோடு வந்தான். பஞ்சு குடோன்களில் வைக்கிற சாதனம் ஒன்று. கூரை நெடுக ஒரு பிளாஸ்டிக் குழாய் போகும். அதில் இடைவெளி விட்டுச் சின்னத் துளைகள். ஒரு பெட்டி அந்தக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி, தூசியை வடிகட்டி, புகை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத புகையைக்கூடக் கண்டுபிடித்துவிடும். வடிகட்டியை மட்டும் வாராவாரம் சுத்தம் செய்ய வேண்டும். லாயத்துக்கு இதுதான் பொருந்தும், நாலு இடத்தில் விசாரித்துவிட்டேன் என்றான்.

நேசையனுக்கு எதிர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. மில்லில் பஞ்சுத் தூசியை வடிகட்டியே காலம் போனவர் அவர். பெட்டியைத் திறந்து பார்த்தபோது அது நல்ல வேலை என்று தெரிந்தது.

அடிக்கிற மணியைப் பரிசோதித்துவிடலாம் என்றான் மெல்வின். லாயத்துக்குள் வைத்தால் குதிரைகள் மிரளும் என்பதால் அறைச் சுவரில் ஒரு சைரனைத் தற்காலிகமாக மாட்டினான். நேசையன் லாயத்து வாசலில் பவுனுவின் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பவுனு அவர் முதலில் வாங்கிய கிழட்டுப் பெண்குதிரை. நேசையனின் முதுகு அறைப் பக்கம் இருந்தது. திடீரென்று பவுனுவின் இரண்டு காதுகளும் விறைத்து அறைப் பக்கம் திரும்பின. உள்ளே துரை பலகையில் இடித்துக்கொண்டது. நேசையன் குளம்பை விட்டுவிட்டு, நிதானமாகத் திரும்பி, கேட்டது என்பதுபோலக் கையை உயர்த்திக் காட்டினார்.

மெல்வின் கட்டை விரலைத் தூக்கினான். அவன் பக்கத்தில் நின்ற கேத்ரினின் முகத்தில் பல வாரங்களாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. அப்போ இதையே வைத்துவிடலாம் என்று மெல்வினிடம் அவள் சொல்வதை நேசையன் தூரத்திலிருந்தே உதட்டில் படித்தார்.

அவர் ஜெயித்துவிட்டார். இனி யாரும் கேட்கப் போவதில்லை. கையில் குளம்பு சுரண்டும் கரண்டியை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். பவுனு லாயத்துக்குள் கட்டியிருக்கும், அவர் அறைக்குள் கட்டிலில் படுத்திருப்பார், அப்போது அதன் காதை யார் பார்ப்பது என்று யோசித்தார். ஒரு நல்ல கருவி, விவரம் தெரிந்த பையன், கவலைப்படுகிற மனைவி, எல்லாம் இருந்தும் அந்த ஐந்து உயிர்களுக்கும் தீக்கும் நடுவில் தன்னுடைய பொய் ஒன்று நிற்கிறது. செவலை உள்ளே திரும்பி ஓடியதாவது பயத்தால். இதை என்னவென்று சொல்வது.

மெல்வின் ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தான். நேசையன் அவன் அருகே போனார்.

“மெல்வின், அந்தச் சைரன் வேண்டாம். எனக்கு அது கேக்கல.”

மெல்வின் சிரித்தான். “நீங்கதான அண்ணாச்சி கையத் தூக்குனீங்க.”

“பவுனு காதத் திருப்புச்சு. அதப் பாத்துத் தூக்குனேன்.”

சொன்ன பிறகுதான் கேத்ரின் பின்னால் நிற்பதைக் கவனித்தார். அவள் முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மெல்வின், குழாயின் நீளத்தை இன்னொரு தரம் அளக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டான். வெகுநேரம் வெளியே வரவில்லை.

எம்புட்டு நாளா என்று கேட்டாள். மில்லில் இருக்கும்போதே ஆரம்பித்தது என்றார். அவள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். திட்டுவாள் அல்லது அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் வேறொன்று கேட்டாள்.

“ஐப்பசி மழையில நான் இந்தத் தொட்டிக்கிட்ட வழுக்கி விழுந்து கெடந்தேனே. உங்களக் கூப்புட்டேனே. அதுவும் கேக்கலையா?”

“எப்போ?” என்றார் நேசையன்.

அவள் சொன்னாள். துரையை வாங்கியதற்காக அன்று காலை இருவருக்கும் சண்டை. அவளைக் கேட்காமல் வாங்கியிருந்தார். மழைக்காக ஸ்கூட்டரை விட்டுவிட்டு மாலை கம்பெனியிலிருந்து பஸ்ஸில் வந்தவள், சேற்றில் கால் பிசகி விழுந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. லாயத்து ஜன்னல் வழியே அவர் முதுகு தெரிந்தது. துரைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். பெயர் சொல்லியே கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். தொட்டியைப் பிடித்துத் தானாக எழுந்து, நொண்டிக்கொண்டே ரோட்டுக்குப் போய் ஆட்டோ பிடித்தாள். அவரிடம் பஸ் ஸ்டாண்டு படியில் பிசகியது என்று சொன்னாள்.

அந்தக் காலுக்கு அவர்தான் தைலம் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. வலியினால் என்று நினைத்திருந்தார்.

“கேட்டுக்கிட்டே திரும்பலைன்னு நெனச்சேன்” என்றாள் கேத்ரின். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இம்புட்டு நாளா உங்கள வெறுத்திருக்க மாட்டேன்ல.”

நேசையன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐயாதுரையைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தார். சொன்னார். அவள் முழுதும் கேட்டாள். சமாதானம் ஆனாளா என்று தெரியவில்லை. என்னை அந்தத் தெருவோடு சேர்த்துட்டீங்களே என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவர் முகம் அவள் பக்கம் இருந்ததால் அது அவருக்குப் புரிந்தது.

பிறகு அவள் எழுந்து லாயத்துக்குள் போய் மெல்வினை வெளியே கூப்பிட்டாள். காது கேட்காத ஆளை எழுப்புகிற மாதிரி என்ன இருக்கிறது என்று கேட்டாள். நேசையன் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்ததுபோல உடம்பை இறுக்கிக்கொண்டார். அது சும்மா ஒரு அளவு சொல்வதுபோல வந்து போனது. மெல்வினும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். மெத்தைக்கு அடியில் வைத்தால் கட்டிலையே உலுக்குகிற ஒரு தட்டு இருக்கிறது, சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்றான். அறையில் கண் கூசும்படி மின்னி மின்னி எரிகிற விளக்கு ஒன்று. அதோடு கேத்ரினின் போனுக்கும் தானாக அழைப்பு போகும்படி செய்துவிடலாம். சைரன் எதற்கும் ஒன்று ரோட்டைப் பார்த்து இருக்கட்டும், போகிற வருகிறவர்களுக்கு ஆகும் என்றான்.

குழாய் மாட்டி முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நேசையன் வைக்கோல் முழுவதையும் பரணிலிருந்து இறக்கி, தோப்பின் அந்தக் கோடியில் ஒரு தனிக் கொட்டகை போட்டு அடுக்கினார். வயர்கள் எல்லாம் இரும்புக் குழாய்க்குள் போயின. மெல்வின் மணியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மணி அடித்த பிறகு என்ன என்பதை அவர்கள்தான் பழக வேண்டியிருந்தது. தனுஷ்கோடிக்குப் போன் செய்து கேத்ரின் கேட்டாள். வெளியே கொண்டு வந்ததும் கயிற்றை விடாதீர்கள், தூரத்தில் கொண்டுபோய்க் கட்டுங்கள், வெளியே வந்ததும் லாயத்துக் கதவைச் சாத்திவிடுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து இருவரும் பழகினார்கள். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாக எல்லாக் கயிற்றையும் மாற்றிக் கட்டினார்கள். முதல் தடவை துரை கேத்ரினைத் தோப்பின் பாதி தூரம் இழுத்துக்கொண்டு ஓடியது. பவுனு வாசலிலேயே நின்றுவிட்டது. கண்ணில் துண்டைக் கட்டினால்தான் நகரும் என்று கண்டுபிடிக்க இரண்டு ஞாயிறு ஆயிற்று. நேசையன் இடது பக்கம் இருக்கும்போது கேத்ரின் கூப்பிடுவதில்லை. ஒரு சின்னக் கல்லை அவர் காலடியில் எறிவாள். சிலசமயம் கல் கொஞ்சம் வேகமாகவே வந்தது. அன்று அவள் இன்னும் கோபமாக இருக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொள்வார். மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். அதைப் போட்டால் தகரத்தில் காக்கை நடப்பதுகூட மில் இரைச்சல் மாதிரி இருக்கிறது என்று பாதி நாள் கழற்றி வைத்தார்.

ஆனி மாதம் மலைக்காற்று வீச ஆரம்பித்தது. ஒரு புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நேசையன் கட்டிலில் சாய்ந்திருந்தார். கண் அயர்ந்த கொஞ்ச நேரத்தில் யாரோ தோளைப் பிடித்து உலுக்குவதுபோல இருந்தது. விழித்தால் அறை முழுக்க வெளிச்சம் மின்னியது. கட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது.

லாயத்துக்குள் கண்ணுக்குப் புகையே தெரியவில்லை. ஏதோ கருகிய வாடை மட்டும் இருந்தது. அவர் வாசலில் இருந்த மெயின் ஸ்விட்சை இறக்கினார். தேடிக்கொண்டு நிற்கவில்லை. ஓரத்துக் குதிரையிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகத் தோப்புக்குள் கொண்டுபோய்த் தென்னையில் கட்டிவிட்டு ஓடி வந்தார். துரை அவர் காலை ஒரு தடவை மிதித்தது. கடைசியில் பவுனு. கண்ணில் துண்டைக் கட்டினார். அதன் கழுத்தைத் தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். வெளியே வந்ததும் கதவைச் சாத்தினார்.

கேத்ரின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் அப்படியே கிடந்தது. குதிரைகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டதாகச் சொன்னாள். அவர்கள் வந்து உள்ளே போய்ப் பார்த்தார்கள். கடைசித் தடுப்பில் இருந்த மின்விசிறிக்குள் இருந்த கம்பிச் சுருள் எரிந்து கருகியிருந்தது. வேறு சேதமில்லை. இறக்கைக்கு மேலே இருந்த குழாய்த் துளை அதை உறிஞ்சியிருக்கிறது.

அவர்கள் போன பிறகு இருவரும் தோப்பு மண்ணில் உட்கார்ந்தார்கள். கேத்ரின் அவர் மிதிபட்ட காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். விரல் வீங்கியிருந்தது. காற்றில் மட்டைகள் அடித்துக்கொண்டிருந்தன.

அப்போது வேலிப் பக்கமிருந்து வேல்சாமி வந்தார். பக்கத்து மக்காச்சோளக் காட்டுக்காரர். கையை வீசி வீசிப் பேசிக்கொண்டே வந்தார். அவசரத்தில் கட்டிய ஒரு முடிச்சு அவிழ்ந்து, மல்லி என்ற குதிரை வேலியைத் தாண்டி அவர் காட்டுக்குள் போய்விட்டிருந்தது. வேல்சாமி நேசையனின் இடது பக்கம் வந்து நின்று சொல்ல ஆரம்பித்தார். பல வருஷமாக அவரிடம் நேசையன் சிரித்தே சமாளித்திருக்கிறார். திமிர் பிடித்த ஆள் என்று வேல்சாமி ஊரில் சொல்லிக்கொண்டிருப்பதும் அவருக்குத் தெரியும்.

கேத்ரின் பதில் சொல்ல வாயெடுத்தாள். நேசையன் கையமர்த்திவிட்டு, ஊன்றி எழுந்து, வேல்சாமிக்கு நேராகத் திரும்பி நின்றார்.

“வேல்சாமி, எனக்கு காது கேக்காது. மூஞ்சியப் பாத்து, செத்த மெதுவாச் சொல்லுங்க.”

வேல்சாமி பேச்சை நிறுத்தினார். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல ஒரு கணம் நின்றார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, வாயை அகலத் திறந்து சொன்னார்: “உங்க குருத… என் சோளத்த… திங்குது.”

கேத்ரின் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்குவதை நேசையன் பார்த்தார். அழுகிறாளோ என்று பயந்து குனிந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வேல்சாமியோடு நொண்டிக்கொண்டே சோளக்காட்டுக்குள் மல்லியைப் பிடிக்கப் போனார்.